கருங்கல் பக்கம் 4 சென்ட்டில் இயற்கைத் தோட்டம்: எங்கே தொடங்குவது?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறீர்கள், வீடு போக 4 சென்ட் மண் மிச்சம் இருக்கிறது, மண்புழு உரம், பஞ்சகவ்யம், வளர்ப்புப் பை என்று வாங்கி வாங்கிப் போட்டும் கத்தரி வாடிச் சாகிறது, கீரை இலையில் வெள்ளைப் புள்ளி, தென்னை ஓலை கறுத்துக் கிடக்கிறது, மழை பெய்தால் நத்தை. விஷம் அடிக்காமல் வீட்டுக்கு வேண்டிய காய்கறி விளைய வைக்க முடியுமா, எங்கிருந்து தொடங்க வேண்டும். இதுதானே தங்கச்சி நீங்கள் கேட்டது? முடியும். நான் திருவட்டாறு பக்கம், நினைவு தெரிந்த நாளில் இருந்து மண்ணைக் கிளறிக்கொண்டு இருக்கிற ஆள், இந்த வேலையில் எனக்கு இருக்கிற பிரியம் இன்றைக்கும் கொஞ்சமும் குறையவில்லை. அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் வாங்கிப் போட்டது எதுவும் கெட்ட பொருள் இல்லை. ஆனால் கடையில் இருந்து மூட்டை மூட்டையாக வந்தால்தான் பிழைக்கும் என்று இருக்கிற தோட்டம், மூட்டை நின்ற அன்றைக்கு நின்றுபோகும். ரசாயன மூட்டைக்குப் பதில் இயற்கை மூட்டை, அவ்வளவுதான் மாற்றம். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: உங்கள் மதிலுக்குள் விழுகிற சருகும் மழைத் தண்ணீரும் மதிலைத் தாண்டி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால், மீதி எல்லாம் அதன் பின்னால் வரும். அதைச் செய்யாமல் பஞ்சகவ்யம் குடம் குடமாக ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்தக் கரைசலில் இருக்கிற நுண்ணுயிர் மண்ணில் தங்குவதற்கு ஈரமும் தின்பதற்கு மக்கும் (மக்கின இலை தழையும்) வேண்டும் அல்லவா, வெறும் செம்மண்ணில் அது எதைத் தின்று உயிரோடு இருக்கும்?

நம்ம ஊரில் காலையில் எழுந்ததும் முற்றம் தூத்து, சருகை எல்லாம் தென்னை மூட்டில், அதாவது மரத்தடியில், கூட்டி வைத்துத் தீ வைப்பது ஒரு பழக்கம். வீடு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைக்கிறார்கள். எரித்தால் சாம்பல் கிடைக்கும், அதில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) இருக்கிறது, அது உண்மை. ஆனால் இலையில் இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது, மண்ணுக்கு மக்காக வந்திருக்க வேண்டியதும் போச்சு. அப்புறம் அதே தழைச்சத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாளைக்கே இதை நிறுத்துங்கள். பலா இலை, மா இலை, தென்னை ஓலை, முருங்கைக் குச்சி, எல்லாம் உள்ளேயே கிடக்கட்டும். பக்கத்தில் ரப்பர் விளை (தோட்டம்) இருந்தால், தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறபோது உடையவரிடம் கேட்டுவிட்டு ரோட்டோரம் கூடுகிற சருகை நாலு சாக்கில் கட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுக்குப் பாதி மக்கு அப்படி வருவதுதான்.

எங்கே போடுவது? தோட்டத்தில் ஒரு ஓரத்தில் பலா மூடோ மா மூடோ இருந்தால் அதன் அடியிலேயே கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி விடுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்து அதைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே இலை இலையாக இருக்கும், அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சின இலை, அதற்கும் கீழே வெள்ளை நூல் மாதிரி பூசணம் ஓடி இலைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும், மரவட்டை சுருண்டு கிடக்கும், அடியில் விரல் நுழைகிற மாதிரி கறுத்த மண். அதை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனால் புதுமழை வாசனை. இந்த மண்ணைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது, நீங்களே பார்க்க வேண்டும். இந்தக் கறுத்த மண் ஒரு கூடை எடுத்து உங்கள் கத்தரிக் குழியில் போட்டால், அதுதான் உங்கள் மண்புழு உரம்.

அடுக்களைக் கழிவுக்கு மட்டும் தனியாக ஒரு இடம் வேண்டும், இல்லையென்றால் எலியும் நாயும் வரும். பழைய பிளாஸ்டிக் வாளியில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, ஒரு பங்கு காய்கறித் தொலிக்கு இரண்டு பங்கு உலர்ந்த சருகு என்ற கணக்கில் மாற்றி மாற்றிப் போடுங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். சூடே ஏறாமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. வேறு ரகசியம் இதில் கிடையாது.

இனி தண்ணீர். நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, அது நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் செம்மண் சரிவில் அந்த மழை அப்படியே மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும், கலங்கிச் சிவப்பாக ஓடுகிறதே அது உங்கள் எரு. வீட்டைச் சுற்றி சிமெண்ட் கல் பாவியிருந்தால் இன்னும் வேகமாக ஓடும். சரிவுக்குக் குறுக்கே ஒரு முழம் அகலத்தில், முக்கால் முழம் ஆழத்தில் வாய்க்கால் போலத் தோண்டி, அதற்குள் தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) அடுக்குங்கள். புதைக்கிறபோது குழிந்த பக்கம் மேலே பார்த்து இருக்க வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்கும். மேலே மண் போட்டு மூடிவிடுங்கள். தென்னை மூட்டைச் சுற்றி மூடாக்காக மேல்மண்ணில் பரப்புவதாக இருந்தால் நேர்மாறாக, முதுகு மேலே இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கதம்பையிலும் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், டெங்கு காலத்தில் அது வினை. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழைக் குழி. நம்ம மட்டி வாழையே வையுங்கள், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த வாழை, குழந்தைகளுக்குக் கொடுக்க அதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியாது.

சரி, கத்தரிக்கு வருகிறேன். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் துவண்டு, இலை மஞ்சளாகாமலே இரண்டு மூன்று நாளில் செத்துப்போகிறது என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. வாடின செடியின் தண்டை மூட்டுப் பக்கம் நறுக்கி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டின முனை தண்ணீரில் லேசாக முங்குகிற மாதிரி அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயில் இருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அதுவேதான். தண்ணீர் ஊற்றியோ எண்ணெய் அடித்தோ அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரவாளியில் போட வேண்டாம். அந்த இடத்தில் கொஞ்ச காலத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம்.

இந்த நோய் நம்ம பக்கத்தில் அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டுக்கல் செம்மண் புளிப்பு மண். கேரளத்திலும் நமக்கும் இந்த விஷயத்தில் ஒரே மண்தான், எல்லைக்கோடு 1956-ல் வந்தது, மண்ணுக்கு அது தெரியாது. புளிப்பு கூடினால் நீங்கள் போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணில் இருக்கிற இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது. வாடல் கிருமிக்கும் அந்தப் புளிப்பு வசதி. அதற்கு மருந்து சுண்ணாம்பு. நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ நீற்றிய சுண்ணாம்பு தூவிக் கிளறி விடுங்கள். சாணத்தோடும் எருவோடும் சேர்த்து ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும். ஆளுக்கு ஆள் அளவு சொல்வார்கள், அதனால் ஒரு தடவை மண்ணைச் சோதித்துவிடுங்கள், திருப்பதிசாரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பிஹெச் அளவு 6-க்கும் 6.5-க்கும் நடுவில் வந்தால் காய்கறிக்கு நல்லது. ஏற்கெனவே அந்த அளவில் இருந்தால் சுண்ணாம்பே வேண்டாம்.

விதையிலும் கவனம் வேண்டும். பாக்கெட்டில் வருகிற எந்தக் கத்தரியும் நம்ம மண்ணில் நிற்கும் என்று இல்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதே மாதிரி மண்ணுக்காக, வாடலைத் தாங்குகிற ரகங்களை எடுத்திருக்கிறது. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம்தானே, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வையுங்கள். சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டின கத்தரி நாற்று கிடைத்தால் அதுவும் நல்லது, சுண்டை வேர் இந்த வாடலைத் தாங்கும்.

கீரையில் வெள்ளைப் புள்ளி என்றீர்கள். சிவப்புத் தண்டங்கீரையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் சிவப்புக் கீரைக்கு இலைப்புள்ளி சீக்கிரம் வரும், அது பூசணம், மழைத்துளி தெறித்து இலைக்கு இலை பரவுகிறது. பச்சையில் கோ-1 ரகம் அதைத் தாங்கும். அதனால் சிவப்பையும் பச்சையையும் கலந்து விதையுங்கள், நடுவில் பச்சை நின்றால் நோய் பரவுவதும் குறையும். வாளியால் மேலே இருந்து ஊற்றாமல் மூட்டில் ஊற்றுங்கள். உண்மையைச் சொன்னால் கொட்டுகிற மழையில் தண்டங்கீரைக்காக மெனக்கெட வேண்டியதே இல்லை. அந்த நாட்களுக்குப் பசலைக்கொடி, முருங்கை, தவசிக்கீரை போதும், வேலியோரம் குச்சி ஊன்றினால் வருஷக்கணக்கில் பறிக்கலாம். தவசிக்கீரையைப் பச்சையாகச் சாறெடுத்துத் தினமும் குடிப்பது மட்டும் வேண்டாம், தைவானில் அப்படிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டிருக்கிறது. தோரன் (தேங்காய்ப் பொரியல்) வைத்து அளவாகச் சாப்பிடுங்கள்.

தென்னை ஓலை கறுத்ததற்கு, அடுத்த வீட்டுக்காரர் மருந்து அடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். இது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் முதலில் தெரிந்தது, அப்புறம் நம்ம பக்கமும் வந்துவிட்டது. ஓலையின் அடிப்பக்கம் வட்டம் வட்டமாக வெள்ளை மெழுகு இருக்கும். ஈ கழிக்கிற தேன் போன்ற நீர் கீழ் ஓலையில் விழுந்து, அதன் மேல் கரும்பூசணம் படர்கிறது, நீங்கள் பார்க்கிற கறுப்பு அதுதான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மரம் அதனால் மட்டும் சாகாது. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். தாழ இருக்கிற ஓலையில் ஒரு இலையை ஒடித்து, அடிப்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவில் சில கறுத்திருக்கும், சிலவற்றின் முதுகில் ஊசிமுனை அளவு வட்ட ஓட்டை இருக்கும். என்கார்சியா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுச் சின்னக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சு வெள்ளை ஈயைத் தின்றுவிட்டு வெளியே வந்த வழி அது. மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான், வெள்ளை ஈ திரும்பி வரும், குளவி வராது. உங்கள் மரத்தில் ஓட்டை விழுந்த கூடு இல்லையென்றால், இருக்கிற தோட்டத்தில் இருந்து இரண்டு ஓலைக்கீற்றைக் கொண்டு வந்து உங்கள் ஓலையில் கட்டித் தொங்கவிடுங்கள். சின்ன மரமாக இருந்தால் ஓலை அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம், கறுப்பு போக நீர்த்த கஞ்சித் தண்ணீர் தெளிக்கலாம், காய்ந்ததும் தோல் போல உரிந்து விழும்.

விஷத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வடக்கே, கேரளத்துக் காசர்கோடு ஒரு காரணம். அங்கே கொல்லாமாவு (முந்திரி) தோட்டங்களுக்கு மேலே வருஷக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தார்கள், கீழே ஊர் இருந்தது, கிணறு இருந்தது, பிறந்த பிள்ளைகள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கிணறும் தோட்டமும் பத்தடி இடைவெளியில் இருக்கிற நம்ம மாதிரி ஊரில், வெண்டைக்கு அடித்த மருந்து எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

பூச்சிக்கு ஒன்றுமே செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. பயற்றில் அசுவினி, மிளகாயில் இலைச்சுருட்டை வந்தால் 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் வெள்ளைப்பூண்டு அரைத்த சாறு, 5 கிராம் பார் சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், நன்றாக அடித்துக் கலக்கி சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி தெளியுங்கள். பாகல், புடலைக்குப் பழ ஈ வரும். பிஞ்சாக இருக்கும்போதே பழைய பேப்பரில் கூடு செய்து மாட்டிவிடுங்கள், அழுகி விழுந்த காயை அப்படியே விடாதீர்கள், அதற்குள் இருக்கிற புழு மண்ணுக்குள் போய்த்தான் அடுத்த ஈயாக வரும். கொல்லாமாவிலும் மாவிலும் முசுறு (சிவப்பு எறும்பு) கூடு கட்டியிருந்தால் கலைக்க வேண்டாம், கடிக்கும்தான், ஆனால் மரத்துக்கு நல்ல காவல்.

நத்தை, அதாவது கையளவு ஓட்டோடு வருகிற ஆப்பிரிக்க நத்தை. இதில் ஒரு எச்சரிக்கை முக்கியம். வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். எலியிடம் இருக்கிற ஒரு புழு இந்த நத்தை வழியாக மனிதருக்கு வந்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கும், கேரளத்தில் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு நனைந்த சணல் சாக்கை விரித்து அதற்கடியில் பப்பாளி இலை, முட்டைகோஸ் இலை போட்டு வையுங்கள், ராத்திரி எல்லாம் அங்கே வந்து கூடும். விடிகாலையில் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்பை நன்றாகக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டு, அப்புறம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். உப்பை மண்ணில் தூவ வேண்டாம், மண் கெட்டுவிடும். கடையில் கிடைக்கிற நத்தைக் குருணை வேண்டவே வேண்டாம், நாய் தின்றால் செத்துப்போகும். மழைக்காலம் முழுக்க விடாமல் பொறுக்க வேண்டும், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் குறையும். கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

இப்போது என்ன நடுவது என்பது. எங்கள் அம்மா காலத்து வீட்டு விளையில் காய்கறிப் பாத்தி என்று தனியாக ஒன்றும் கிடையாது. மேலே தென்னை, அதற்குக் கீழே பலா, முருக்கு (கல்யாண முருங்கை) மரத்தில் ஏறின நல்லமிளகுக் கொடி, வாழை, அதற்கும் கீழே மரச்சீனி (மரவள்ளி), சேனை, காச்சில் (பெருவள்ளி), நிழலில் இஞ்சியும் மஞ்சளும் சேம்பும். தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது. பஞ்ச காலத்தில் ஊரைக் காப்பாற்றினது இந்தக் கிழங்குகள்தான். அப்புறம் விளை எல்லாம் ரப்பர் ஆனது, 2005 வாக்கில் முருக்கு மரங்களையும் ஒரு குளவி வந்து இலையிலும் தண்டிலும் முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து அழித்துவிட்டது. அந்த அடுக்குத் தோட்டத்தைத் திரும்பக் கொண்டு வரலாம், 4 சென்ட்டில் கூட. காய்கறி நச்சரிக்கிற பிள்ளை போல, கிழங்கு அப்படி இல்லை, மக்கும் மழையும் இருந்தால் தானாக வரும். முதல் வருஷம் பாதி இடத்தைக் கிழங்குக்குக் கொடுங்கள். நல்ல ரகக் கிழங்கு வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் இருந்து மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

இது வைகாசி. இந்த வாரமே இஞ்சி, மஞ்சள், மரச்சீனி வைத்துவிடுங்கள், கனமழை வருவதற்கு முன்னால் வேர் பிடிக்க வேண்டும். மரச்சீனிக் கம்பைத் தட்டையான மண்ணில் ஊன்றாமல் மேடு கூட்டி ஊன்றுங்கள், தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். வெண்டையும் பயறும் இப்போது விதைக்கலாம். கோவைக்கொடி ஒரு கம்பு போதும், தெரிந்தவர் வீட்டில் கேளுங்கள். நல்லமிளகுக் கொடிக்கு ஆனி மாதத்துத் திருவாதிரை ஞாற்றுவேலை வரை காத்திருங்கள், ஜூன் 22 வாக்கில் தொடங்கி இரண்டு வாரம், மழையும் வெயிலும் மாறி மாறி வருகிற நாட்கள், வெட்டி வைத்த கொடி பிடிக்காமல் போவது அபூர்வம். பாகலும் புடலையும் மழை குறைந்து ஆவணிக்கு மேல். சேனைக்கு இனி மாசிதான். கும்பத்தில் (மாசி) நட்டால் குடத்தளவு, மீனத்தில் (பங்குனி) நட்டால் மீன்கண்ணளவு என்று பழையவர்கள் சொல்வது அனுபவத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயம், உருளை, கேரட் கடையில்தான் வாங்க வேண்டும். கீரை, கறிவேப்பிலை, மிளகாய், முருங்கை, பப்பாளி, கோவைக்காய், கிழங்கு, வாழைக்காய் இதெல்லாம் இரண்டு மழை கழிந்தால் கடைக்குப் போக வேண்டி இருக்காது. முதல் வருஷம் குறைவாகத்தான் வரும், மண் தயாராகிற காலம் அது. எருவுக்காக மாடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குளச்சலில் இருந்து மீன் வருகிற ஊர் நமக்கு, மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் திரவமாகிவிடும், லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் இலை கரும்பச்சையாக வரும். மூடியை இறுக்கிக் கட்டினால் வெடிக்கும், துணியால் கட்டுங்கள், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக வேலி. மதில் ஓரம் நீளத்துக்கு சீமைக்கொன்றைக் குச்சி ஊன்றிவிடுங்கள், ரோட்டோரத்தில் எங்கு பார்த்தாலும் நிற்கிறதே, ரோஸ் நிறத்தில் பூக்குமே, அதுதான். ஒரு ஆள் உயரக் குச்சி, பெருவிரல் தடிமனுக்குக் குறையாமல், அடியைச் சரிவாகச் சீவி இந்த முதல் மழையிலேயே ஊன்றினால் காசில்லாமல் பிடித்துவிடும். பயறு இனம் என்பதால் இலையில் தழைச்சத்து நிறைய. அடுத்த வருஷத்தில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளையை வெட்டி தென்னை மூட்டிலும் மரச்சீனிக்கு இடையிலும் போட்டுக்கொண்டே இருக்கலாம். குச்சி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் வேலியில் வெட்டுகிற நேரம்தான், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.